றெக்கை மட்டும்தான் விழுது அண்ணாச்சி!
(கேமரா கேள்வி பதில்)

போன இதழ்ல கல்யாண ஆல்பம் பத்தி எழுதிட்டு கடைசியில சும்மா ஒரு வரி, பிளேன்ல போட்டோ எடுக்கிறது பத்தி ஏதாவது சந்தேகம் இருந்தா அனுப்புங்கன்னு போட்டிருந்தேன். அம்புட்டுதான், குமிஞ்சு போச்சு. நம்ம களியக்காவிளை, மார்த்தாண்டம், கொல்லங்கோடு பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது கல்ஃப்ல இருக்காங்க, அதனால இது ஆச்சரியமில்ல. செக்போஸ்ட் பக்கத்துல ஸ்டுடியோ வெச்சிருக்கிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, கேரளா கல்யாணம், தமிழ்நாட்டுக் கல்யாணம், துபாய் கல்யாணம்னு கேமரா பையைத் தூக்கிட்டு அலைஞ்சவன்தான் நானும்.

அண்ணாச்சி, மகளுக்குப் பிரசவம், மஸ்கட் போறேன், பிளேன்ல ஏறுறது இதுதான் முதல் தடவை. மருமகன் ஃபோன்ல சொல்றாரு, "அத்தே, பிளேனுக்குள்ள போட்டோ கீட்டோ எடுத்துராதீங்க, பிடிச்சு வெச்சிருவாங்க"ன்னு. நிஜமாவா?
வாசகி, குழித்துறை

மருமகன் சொன்னதுல பாதி சரிதான் அக்கா, மிச்சம் பாதி பயம். 1937ல போட்ட ஏர்கிராஃப்ட் ரூல்ஸ்ல 13வது விதின்னு ஒண்ணு இருக்கு. பறக்குற விமானத்துல இருந்தும் அரசாங்க ஏர்போர்ட்லயும் எழுத்துல அனுமதி வாங்காம போட்டோ எடுக்கக் கூடாதுன்னு அது சொல்லுது. அது கேமரான்னா பெரிய பெட்டியா இருந்த காலம். அப்புறம் 2004ல டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற அரசாங்க அமைப்பு, ஒரு சர்க்குலர் விட்டு, டிக்கெட் எடுத்த பயணி பிளேனுக்குள்ள இருந்து எடுத்துக்கலாம்னு தளர்த்திட்டாங்க. 2020 செப்டம்பர்ல சண்டிகர்ல இருந்து மும்பை போன பிளேன்ல ஒரு இந்தி நடிகையை படம் பிடிக்க டிவிக்காரங்க சீட்டு மேல ஏறி கூச்சல் போட்டு பெரிய கலாட்டா ஆச்சு. உடனே டிஜிசிஏ, இனிமே இப்படி நடந்தா அந்த ரூட்ல ரெண்டு வாரம் ஃப்ளைட்டையே நிப்பாட்டிருவோம்னு மிரட்டிச்சு, ஊரே பதறிருச்சு. மறுநாளே அவங்களே விளக்கமும் கொடுத்தாங்க. சாதாரணப் பயணி போட்டோ வீடியோ எடுக்கலாம், ஆனா மத்தவங்களுக்கு இடைஞ்சலா, பாதுகாப்பைக் கெடுக்கிற மாதிரி, க்ரூ வேண்டாம்னு சொன்ன பிறகும் எடுக்கக் கூடாதுன்னு. அதனால நீங்க ஜன்னல் வழியா தாராளமா மேகத்தை எடுங்க.

ஆனா எங்கெல்லாம் ஃபோனைப் பையில வெச்சிரணும்னா, செக்யூரிட்டி செக்கிங் நடக்கிற இடம், அப்புறம் இமிக்ரேஷன் கவுண்டர், இங்கயும் சரி மஸ்கட்லயும் சரி. பஸ்ல இறங்கி படி ஏறுற இடத்துல நம்மாளுங்க குரூப்பா நின்னு "ஒண்ணு எடு மக்கா"ன்னு போஸ் கொடுக்கிறதைப் பாத்திருக்கேன், அதுவும் வேண்டாம், பக்கத்துல எரிபொருள் வண்டி, லக்கேஜ் வண்டி எல்லாம் ஓடிட்டு இருக்கும்.

இன்னொரு விஷயம், மிலிட்டரி ஏர்போர்ட். கோவா டபோலிம், புனே, ஸ்ரீநகர், ஜாம்நகர் இதெல்லாம் ராணுவத்து இடம், நம்ம பிளேன் அங்க விருந்தாளி மாதிரி இறங்குது. அங்கெல்லாம் ஏறும்போதும் இறங்கும்போதும் போட்டோ கூடாது. 2025 மே மாசம் மேற்கு எல்லைப் பக்கம் இருக்கிற இந்த மாதிரி ஏர்போர்ட்ல ஜன்னல் ஷேடையே 10,000 அடி தாண்டுற வரைக்கும் மூடி வைக்கச் சொன்னாங்க. நம்ம திருவனந்தபுரம் சிவில் ஏர்போர்ட்தான், ஆனா அங்கயும் சில நேரம் விருந்தாளி வருவாங்க. 2025 ஜூன் 14ம் தேதி ஒரு பிரிட்டிஷ் எஃப்-35பி போர் விமானம் அவசரமா வந்து இறங்கி, ரிப்பேராகி, மழையில நனைஞ்சு, அப்புறம் ஹேங்கருக்குள்ள போய், ஜூலை 22 வரைக்கும் அங்கயே கெடந்துச்சே, கேரளா டூரிசம்காரங்களே அதை வெச்சு கிண்டலா விளம்பரம் போட்டாங்க. அவங்க போடலாம், நீங்க அந்த மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா ஃபோனை இறக்கி வெச்சிட்டு கண்ணால மட்டும் பாத்துக்கிடுங்க.

போற வழியில ஏர் ஹோஸ்டஸ் பிள்ளைங்களை கேக்காம எடுக்காதீங்க. கேட்டா பெரும்பாலும் சிரிச்சுட்டு நிப்பாங்க. பேரக்குழந்தை போட்டோ எனக்கும் அனுப்புங்க, ஃப்ரேம் போட்டுத் தாரேன்.

நாலு தடவை துபாய் போய் வந்தாச்சு, நாலு தடவையும் என் போட்டோல பிளேன் றெக்கை மட்டும்தான் இருக்கு. திருவனந்தபுரத்துல இறங்கும்போது கடலையும் ஊரையும் எடுக்க எந்தப் பக்கம் உக்காரணும்?
வாசகர், மார்த்தாண்டம்

தம்பி, என் முதல் பயணத்துல 40 போட்டோ எடுத்தேன், 40லயும் றெக்கைதான், பிளேன் கம்பெனிக்கு ஆல்பம் போட்டுக் கொடுத்த மாதிரி. அன்னைக்குப் படிச்ச பாடம், நல்ல போட்டோ டிக்கெட் புக் பண்ணும்போதே முக்கால்வாசி முடிஞ்சிருது. நடுவுல ஒரே நடைபாதை இருக்கிற பிளேன்ல ஏ சீட்டு இடப்பக்க ஜன்னல், எஃப் வலப்பக்க ஜன்னல். ஏறத்தாழ 10வது வரிசையில இருந்து 20 வரைக்கும் றெக்கை மறைக்கும். றெக்கைக்கு சரியா பின்னாடி உக்காந்தா இன்னொரு தொல்லை, இன்ஜின்ல இருந்து வர்ற சூட்டுக் காத்துல காட்சி அலை அலையா கலங்கித் தெரியும், அடுப்புக்கு மேல பாத்தா தெரியுமே அந்த மாதிரி. அதனால 8க்கு முன்னாடி, இல்லேன்னா கடைசி நாலஞ்சு வரிசை. முன் வரிசைக்கு தனியா காசு கேப்பாங்க, கடைசி வரிசைக்கு டாய்லெட் கியூ இலவசம்.

இனி பக்கம். நம்ம ஏர்போர்ட் ஓடுபாதை கடற்கரையோட ஒட்டியே தென்கிழக்கு வடமேற்கா படுத்துக் கெடக்கு. காத்தைப் பொறுத்து எந்த முனையிலயும் இறங்கலாம், ஆனா தென்கிழக்கு முனையில இருந்து வந்து இறங்கினா, அதாவது பூவார், விழிஞ்ஞம், கோவளம்னு கரையோரமா வந்தா, இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கரை. இடப்பக்கம் உக்காந்தவனுக்கு 2025 மே மாசம் திறந்து வெச்ச விழிஞ்ஞம் துறைமுகம், அந்த ராட்சச கிரேனு, கடலுக்குள்ள நீட்டின கல்லுமுட்டு எல்லாம். வலப்பக்கம் உக்காந்தவனுக்கு தென்னை, தென்னை, தென்னை, நடுவுல பச்சை ஓடு சிவப்பு ஓடு, நெய்யாறு கடல்ல சேருற அந்த மணல் திட்டு, அதுக்கு அப்பால மலை.

இதுல வெயிலையும் சேத்துக்கோ. காலையில இறங்கினா சூரியன் வலப்பக்கம், அப்போ வலது ஜன்னல்ல எல்லாமே வெளிறிப் போயிரும், இடப்பக்கம் கடல் நல்லா நீலமா விழும். சாயங்காலம்னா அப்படியே தலைகீழ், வலப்பக்கம் தென்னந்தோப்பு மேல மஞ்ச வெயில் சாஞ்சு விழும், கொள்ளாம். சூரியன் உன் முதுகுப் பக்கம் இருக்கணும், ஸ்டுடியோல நான் லைட்டை எங்க வைக்கிறேனோ அதே கணக்குதான்.

சென்னைக்குப் போறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிர்றேன். சாயங்கால ஃப்ளைட்னா வலப்பக்கம் உக்காருங்க, ஏறின கொஞ்ச நேரத்துல அகத்தியர் மலை தெரியும், 1,868 மீட்டர். ஜூன் ஜூலைல போனீங்கன்னா இன்னொரு வேடிக்கை, மலைக்கு இந்தப் பக்கம் மேகம் அணை கட்டின தண்ணி மாதிரி முட்டிட்டு நிக்கும், அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமை காஞ்சு வெட்ட வெளிச்சமா கெடக்கும். நாம குடை பிடிச்சு ஏர்போர்ட்டுக்கு வந்திருப்போம், பத்து நிமிஷத்துல காவி நிலம். 1956 நவம்பர் 1ம் தேதி வரைக்கும் நாமளும் திருவிதாங்கூர்-கொச்சிதான், மாநில எல்லைக் கோடு அப்புறம் போட்டது, ஆனா மேகம் போட்ட கோடு அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு, அதைப் படம் பிடிக்கணும்னா பிளேன்தான் வழி.

ஆறாட்டு, அதாவது சாமியைக் கடல்ல நீராட்டுற திருவிழா, அன்னைக்கு டிக்கெட் எடுத்திராதே. பத்மநாபசுவாமி கோயில்ல பங்குனி, ஐப்பசின்னு வருசத்துக்கு ரெண்டு தடவை ஊர்வலம் ஓடுபாதையைக் குறுக்கே தாண்டித்தான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும், அன்னைக்கு சில மணி நேரம் ஏர்போர்ட்டையே மூடிருவாங்க. பாலராமபுரம் பிளாக்குல மாட்டிக்கிட்டு ஃப்ளைட் போயிருமேன்னு பதறுறவங்களுக்கு அன்னைக்கு மட்டும் நிம்மதியா இருக்கும்னு நினைக்கேன்.

ஜன்னல் சீட்டே கிடைச்சுது, ஆனா எல்லாப் போட்டோலயும் என் ஃபோனும் என் சிவப்புச் சட்டையும்தான் தெரியுது. கண்ணாடியில கீறல் வேற. அந்தக் கண்ணாடியில கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கே, அது உடைஞ்சதா? பயந்துட்டேன்.
வாசகர், பாறசாலை

ஓட்டையில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா இதே கேள்வி ஏழு பேர் கேட்டிருக்காங்க. உடைஞ்சது இல்ல, வேணும்னே போட்டது. அந்த ஜன்னல் மூணு அடுக்கு. வெளி அடுக்குதான் காத்தழுத்தம் முழுசும் தாங்குது. நடு அடுக்கு அதுக்கு ஸ்பேர், அதுலதான் அந்த ஊசி ஓட்டை, உள்ள இருக்கிற காத்தும் ரெண்டு அடுக்குக்கு நடுவுல இருக்கிற காத்தும் சமமா இருக்கிறதுக்கும், ஈரம் கோத்து மூடுபனி பிடிக்காம இருக்கிறதுக்கும். மூணாவது, நீங்க தலை சாய்ச்சு தூங்குறது, அது சும்மா நம்ம நகமும் எண்ணெய்த் தலையும் படாம காவலுக்கு வெச்சிருக்கிற பிளாஸ்டிக். கீறல் எல்லாம் அதுலதான். 35,000 அடியில வெளிய மைனஸ் 50 டிகிரி பக்கம் இருக்கும், அந்த ஓட்டையைச் சுத்தி பனி பூப் பூவா படிஞ்சிருக்கும் பாருங்க, ஃபோனைக் கிட்ட கொண்டு போய் அதை ஒரு போட்டோ எடுங்க, நான் எடுத்ததுலயே எனக்குப் பிடிச்ச பிளேன் போட்டோ அதுதான். மலையும் இல்ல கடலும் இல்ல.

இப்போ சிவப்புச் சட்டை. கறுப்பு சட்டை போட்டுட்டுப் போங்க, சும்மா சொல்லலை. இல்லேன்னா கறுப்புத் துண்டு, சால்வை ஏதாவது ஃபோனைச் சுத்தி கூடாரம் மாதிரி பிடிச்சு உள்ள இருந்து வர்ற வெளிச்சத்தை மறைங்க. மேல இருக்கிற ரீடிங் லைட்டை அணைங்க, ஃப்ளாஷை கண்டிப்பா அணைங்க. ஃபோனைக் கண்ணாடி கிட்ட கொண்டு போங்க ஆனா அழுத்தி ஒட்டாதீங்க, பிளேன் நடுங்குறது அப்படியே ஃபோனுக்கு வரும், ஒரு விரல் கனம் இடைவெளி போதும். ஜன்னலுக்கு நேரா பிடிங்க, சாய்ச்சுப் பிடிச்சா மூணு அடுக்கும் சேந்து காட்சியைக் கலக்கிரும். அப்புறம் ஃபோகஸ், இதுதான் முக்கியம். ஃபோனு அதுபாட்டுக்கு கீறல்ல போய் ஃபோகஸ் பண்ணிட்டு நிக்கும், அதனால தூரத்துல இருக்கிற மேகத்து விளிம்பு, கரையோரம் இந்த மாதிரி இடத்துல விரலால தட்டி அழுத்திப் பிடிங்க, லாக் ஆயிரும்.

காசு கொடுத்து போலரைசர் ஃபில்டர் (கூசுற பளபளப்பைக் குறைக்க லென்சுக்கு முன்னாடி மாட்டுறது) வாங்கிட்டு வந்த ஒரு தம்பி "அண்ணாச்சி ஜன்னல் பூரா வானவில்"னு காட்டினான். கண்ணாடின்னு சொல்றோமே தவிர அது அக்ரிலிக், அதுக்குள்ள இருக்கிற இழுவிசையை போலரைசர் நிறம் நிறமா காட்டிக் கொடுத்திரும். பிளேன்ல அதைக் கழட்டி பையில போடுங்க.

தூத்துக்குடியில இருந்து சென்னைக்கு ஃபேன் வெச்ச குட்டிப் பிளேன்ல போனோம் மாமா. வீடியோ எடுத்தேன், ஃபேன் பிளேடு எல்லாம் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு தனித்தனியா மிதக்குது! ஃபோன் கெட்டுப் போச்சா?
எட்டாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

ஃபோன் நல்லா இருக்கு பிள்ளே, பிளேனும் நல்லாத்தான் இருக்கு. உன் ஃபோன் கேமரா ஒரு படத்தை ஒரே அடியா எடுக்கிறது இல்ல, நீ நோட்டுல எழுதுற மாதிரி மேல் வரியில இருந்து ஒவ்வொரு வரியா கீழ வரைக்கும் எழுதிட்டு வருது. ஏடிஆர்னு சொல்ற அந்தக் குட்டிப் பிளேன்ல ஃபேனு நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்துக்கு பக்கத்துல சுத்துது. கேமரா முதல் வரி எழுதும்போது பிளேடு ஒரு இடத்துல, கடைசி வரி எழுதும்போது வேற இடத்துல, எல்லாத்தையும் சேத்துப் பாத்தா வாழைப்பழம். ஃபோனை நெட்டுக்குத்தா பிடிச்சு ஒண்ணு, படுக்க வெச்சு ஒண்ணு எடுத்துப் பாரு, வளைவு மாறும். நல்ல வெயில்லதான் இப்படி அதிகமா வரும், அப்பா கூலிங் கிளாஸை லென்சுக்கு முன்னாடி பிடிச்சா வெளிச்சம் குறைஞ்சு கண்ணுக்குத் தெரியிற மாதிரி மங்கலான வட்டமா கிடைக்க வாய்ப்பு இருக்கு, ஆனா போலரைஸ்டு கிளாஸா இருந்தா மேல சொன்ன வானவில் கதைதான். அந்தப் பிளேன்ல இன்னொரு வசதி, றெக்கை தலைக்கு மேல இருக்கும், கீழ மறைக்கவே மறைக்காது. உங்க டீச்சருக்கும் அந்த வீடியோவைக் காட்டு.

மேகத்து மேல எங்க பிளேனோட நிழல், அதைச் சுத்தி வட்டமா வானவில். பக்கத்து சீட்டு அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. அது என்ன?
வாசகர், அருமனை

கும்பிட்டதுல தப்பில்ல, பாக்க அப்படித்தான் இருக்கும். சூரியனுக்கு நேர் எதிர்ப் பக்க ஜன்னல்லதான் அது தெரியும். மேகத்துல இருக்கிற நுணுக்கமான தண்ணித் துளிங்க வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும்போது நிறம் பிரிஞ்சு வளையம் வளையமா விழுது. இங்கிலீஷ்ல க்ளோரின்னு சொல்லுவாங்க. இதுல ரொம்பப் பேர் கவனிக்காத ஒரு விஷயம், அந்த வளையத்தோட நடு மையம் பிளேன் நிழல்ல எந்த இடத்துல விழுதோ அதுதான் நீங்க உக்காந்திருக்கிற சீட்டு. முன்னாடி உக்காந்தவனுக்கு மூக்குப் பக்கம், வால்ல உக்காந்தவனுக்கு வால் பக்கம். அந்த அம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரே வளையம் இல்ல, ஆளுக்கு ஒண்ணு. மேகத்துக்கு ரொம்ப மேல போயிட்டா நிழல் கரைஞ்சு வளையம் மட்டும் தெரியும், அதனால மேகத்தைத் தொட்டுக்கிட்டு ஏறும்போதும் இறங்கும்போதும் தயாரா இருங்க.

அப்பாவோட பழைய ஃபிலிம் கேமரா கிடைச்சுது. ரெண்டு ரோல் வாங்கி வெச்சிருக்கேன். எக்ஸ்ரேல கெட்டுருமா?
வாசகர், கருங்கல்

இதுல எனக்கு ஆறாத புண்ணு ஒண்ணு இருக்கு. ஃபிலிம் காலத்துல வளைகுடாவுல ஒரு கல்யாணம் எடுத்துட்டு, கைப்பையில இடமில்லைன்னு ரோலு பூராத்தையும் பெரிய சூட்கேஸ்ல போட்டு லக்கேஜ்ல விட்டுட்டேன். ஊர்ல வந்து கழுவிப் பாத்தா தாலி கட்டுற படத்துல குறுக்கே வெள்ளையா அலை அலையா பட்டை. பெண்ணோட அப்பா ஒரு வார்த்தை பேசலை, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

லக்கேஜுக்கு அடிக்கிற எக்ஸ்ரே பலமானது, ஃபிலிமை அங்க போடவே கூடாது. கைப்பைக்கு அடிக்கிற பழைய மெஷின்ல 400 ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தைப் பிடிக்கிற வேகம்) ஃபிலிம் ரெண்டு மூணு தடவை போனா ஒண்ணும் ஆகாது. ஆனா புதுசா வர்ற சிடி ஸ்கேனர் கைப்பைக்கே பலமா அடிக்கும், அந்த மெஷின் இருந்தா ரோலைத் தனியா பிளாஸ்டிக் கவர்ல எடுத்து கையால பாருங்கன்னு மரியாதையா கேளுங்க. சிலர் கேப்பாங்க, சிலர் கேக்க மாட்டாங்க, சீக்கிரமே போய் நில்லுங்க. டிஜிட்டல் மெமரி கார்டுக்கு எந்த எக்ஸ்ரேயும் ஒண்ணும் பண்ணாது. ஸ்பேர் பேட்டரி, பவர் பேங்கும் ஃபிலிம் மாதிரியே கைப்பையிலதான், லக்கேஜ்ல போட்டா பையை இறக்கி வெச்சு உங்களைக் கூப்பிடுவாங்க. 100 வாட் அவர் வரைக்கும் கேள்வி இல்ல, 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74தான் வரும்.

பக்கத்து சீட்டுல ஒருத்தர் வாயைத் திறந்துட்டு குறட்டை. ரீல்ஸ் போட்டேன், செம வைரல். அவரு துபாய்க்காரர் போல, தப்பா?
பெயர் வேண்டாம்

தப்பு. அந்த ரீல்ஸை அழிச்சிருங்க, இன்னைக்கே. அங்க ஐக்கிய அரபு எமிரேட்ஸ்ல சம்மதம் இல்லாம ஒருத்தரைப் படம் பிடிச்சுப் பரப்பினா 2021ல வந்த சட்டப்படி குறைஞ்சது ஆறு மாசம் ஜெயிலு, இல்லேன்னா ஒண்ணரை லட்சம் திர்ஹாம்ல இருந்து அஞ்சு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். உங்க வாய் திறந்திருக்கும்போது அவரு எடுக்காம விட்டாரே. கூடவே போர்டிங் பாஸையும் ஸ்டேட்டஸ் வெச்சிருக்கீங்க, அதுல இருக்கிற பிஎன்ஆரும் உங்க பேரும் போதும், வேற எவனாவது உள்ள புகுந்து டிக்கெட்டையே மாத்திருவான்.

எங்க வீட்டு மொட்டை மாடிக்கு மேலதான் திருவனந்தபுரம் போற பிளேன் தாழ்ந்து போகும். மகன் சௌதியில இருந்து வர்ற அன்னைக்கு ஃபோன்ல எடுப்பேன், புள்ளி மாதிரிதான் விழுது. அவனுக்கு மேல இருந்து எங்க வீடு தெரியுமா?
வாசகி, கொல்லங்கோடு

நீங்க எடுக்கிறது புள்ளிதான் அம்மா, ஜூம் பண்ணா இன்னும் மோசமாகும், ஜூம் பண்ணாம உங்க தென்னை ஓலை ஒண்ணையும் சேத்து எடுங்க, அப்பதான் எந்த ஊர் வானம்னு தெரியும். பொழுது சாயிற நேரம் லைட்டு போட்டுட்டு வரும், அப்போ எடுத்தா அழகா இருக்கும். டார்ச், லேசர் எதையும் மேல அடிச்சிராதீங்க, பைலட் கண்ணு கூசும், கேஸும் வரும்.

மகனை வலப்பக்கம் எஃப் சீட்டு போடச் சொல்லுங்க. வீடு நேர் அடியில வந்தா தெரியாது, கொஞ்சம் கிழக்க தள்ளி இருந்தா தெரியும். ஃபிளைட் மோட்ல இருந்தாலும் ஃபோன்ல ஜிபிஎஸ் ஓடும், ஜன்னல் பக்கம் வெச்சா போட்டோல இடம் தானா பதிஞ்சிரும், பின்னாடி மேப்ல தேடிக்கலாம். ஆனா அத்தனை தென்னைக்கு நடுவுல நம்ம மாடியைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் வேணும். நெல்லு காய வைக்கிற நீலத் தார்ப்பாய் பெருசா இருந்தா மாடியில விரிச்சுப் போடுங்க, பச்சைக்கு நடுவுல அந்த நீலம் ஒரு பொட்டு மாதிரியாவது விழும். காத்துல பறந்திராம நாலு மூலைக்கும் செங்கல் வைங்க.